காணி விற்பனைத் தரவை ஒரு சி.ஆர்.எம். மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுதல்: மலையக நிறுவனங்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஹட்டனிலோ நுவரெலியாவிலோ பண்டாரவளையிலோ காணித் துண்டுகளையும் வீடுகளையும் விற்கும் ஒரு நிறுவனம், ஐந்தாறு ஆண்டுகளாகப் பயன்படுத்திய சி.ஆர்.எம். என்ற வாடிக்கையாளர் விபர மென்பொருளைக் கைவிட்டுப் புதியதொன்றுக்கு மாறத் தீர்மானித்ததும் உரிமையாளர் கேட்கும் முதற் கேள்வி, எத்தனை நாள் ஆகும் என்பதுதான். தரவை ஏற்றுவதற்கு ஒரு பிற்பகல் போதும். ஏற்றப்போகும் அட்டவணையின் ஒவ்வொரு நிரலும் (மேலிருந்து கீழான வரிசை) உண்மையில் எதைக் குறிக்கிறது என்று அலுவலகத்தில் உள்ள நான்கு பேரும் ஒத்துக்கொள்வதற்கு நான்கு வாரங்கள் செல்லலாம்.

ஸோஹோ, ஹப்ஸ்பாட், சேல்ஸ்ஃபோர்ஸ் ஆகிய எதை எடுத்துக்கொண்டாலும் அவை ஆளை நடுவில் வைத்து அமைக்கப்பட்ட மென்பொருள்கள். ஒருவருக்கு ஒரு பெயர், ஒரு மின்னஞ்சல், அவரோடு ஒரு பேரம் என்பதே அவற்றின் அடிப்படைக் கணக்கு. நம்முடைய வியாபாரத்திலோ வாங்குபவரின் தொலைபேசி எண் மூன்று முறை மாறும். கட்டாருக்குப் போன மகனுக்குப் பதிலாகத் தாயார் வந்து தவணை கட்டுவார். முற்பணம் கட்டியவர் பின்வாங்க, அதே துண்டை அவருடைய மைத்துனர் எடுத்துக்கொள்வார். இத்தனைக்கும் நடுவே மாறாமல் இருப்பது காணித் துண்டு ஒன்றுதான். ஆகவே இனி வரும் படிகள் எல்லாவற்றிலும், புதிய மென்பொருளில் காணித் துண்டே முதுகெலும்பாக நிற்க வேண்டும் என்ற ஒரே கொள்கையைப் பின்பற்றியிருக்கிறேன்.

படி 1: தரவு எங்கெங்கே இருக்கிறது என்று பட்டியலிடுங்கள்

பழைய மென்பொருளில் இருப்பது நிறுவனத்தின் தரவில் ஒரு பகுதி மட்டுமே. மீதி பற்றுச்சீட்டுப் புத்தகத்திலும், கணக்காளரின் எக்செல் கோப்பிலும், விற்பனை அலுவலரின் வாட்ஸ்அப் உரையாடல்களிலும், நொத்தாரிசிடம் உள்ள கோப்புகளிலும் கிடக்கும். இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி, எந்த விடயத்துக்கு எது இறுதிச் சான்று என்பதை அதே தாளில் குறித்துவிடுங்கள். பணத்துக்குப் பற்றுச்சீட்டு, பரப்பளவுக்கு நில அளவையாளரின் பிளான், உரிமைக்கு உறுதி (நொத்தாரிசு எழுதிய காணிப் பத்திரம்). இவற்றோடு மென்பொருளில் உள்ளது முரண்பட்டால், பிழை மென்பொருளில்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இதை முன்கூட்டியே எழுதிக் கையொப்பம் வாங்காவிட்டால், பின்னர் ஒவ்வொரு முரண்பாட்டுக்கும் ஒரு கூட்டம் நடக்கும்.

அடுத்து, பழைய மென்பொருளிலிருந்து எல்லா அட்டவணைகளையும் சி.எஸ்.வி. கோப்புகளாக (எந்த மென்பொருளும் வாசிக்கக்கூடிய எளிய அட்டவணைக் கோப்புகள்) முழுமையாக வெளியே எடுங்கள். மென்பொருள் தானாகவே ஒவ்வொரு பதிவுக்கும் கொடுத்திருக்கும் உள்ளக எண்ணும் அவற்றில் இருக்க வேண்டும். ஸ்கேன் செய்யப்பட்ட உறுதிகள், அடையாள அட்டைப் பிரதிகள் போன்ற இணைப்புகள் பெரும்பாலும் சி.எஸ்.வி. கோப்பில் வருவதில்லை, அவற்றைத் தனியே எடுத்து, எந்த இணைப்பு எந்தப் பதிவுக்கு உரியது என்ற பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். இவை கைக்கு வந்து, திறந்தும் பார்த்த பின்னரே பழைய சந்தாவை நிறுத்துவது பற்றிப் பேச வேண்டும். வெளியே எடுத்த கோப்புகளில் ஒரு பிரதியை எவரும் தொடாதவாறு பூட்டி வையுங்கள்.

எல்லாவற்றையும் கொண்டுபோக வேண்டியதில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் விளம்பரம் பார்த்து ஒரு தடவை அழைத்து, அதன் பிறகு தொடர்பே இல்லாமற் போனவரின் விபரம் புதிய மென்பொருளுக்குச் சுமைதான். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், ஒருவரின் விபரத்தைச் சேகரித்த நோக்கத்துக்குத் தேவையான காலம் வரை மட்டுமே வைத்திருக்க வேண்டும் என்பதைத் தன் அடிப்படை நெறிகளுள் ஒன்றாகக் கொண்டிருக்கிறது. மாற்றத்தின்போது விட்டுவிடுவது எளிது. மாற்றிய பின்னர் அழிக்க எவருக்கும் மனம் வருவதில்லை.

படி 2: மாறாத எண்களை வழங்குங்கள்

மாற்றம் முழுவதிலும் அதிக நேரம் செலவிட வேண்டிய படி இது. காணித் துண்டு, ஆள், பேரம், கொடுப்பனவு ஆகிய நான்குக்கும் நான்கு அட்டவணைகள் அமைத்து, ஒவ்வொரு நிரைக்கும் என்றும் மாறாத ஓர் எண்ணைக் கொடுங்கள்.

காணித் துண்டுக்குப் பிளான் இலக்கமும் துண்டு இலக்கமும் போதும் என்று தோன்றும், போதாது. தனியார் நில அளவையாளர்கள் ஒவ்வொருவரும் தத்தம் பிளான்களுக்குத் தாமே வரிசை எண் இடுகிறார்கள் என்பதால், இருவருடைய பிளான்களுக்கு ஒரே இலக்கம் அமைந்துவிடக்கூடும். ஆகவே அளவையாளரின் பெயர், பிளான் இலக்கம், பிளானின் திகதி, துண்டு இலக்கம் ஆகிய நான்கும் சேர்ந்தே ஒரு துண்டை ஐயமின்றிக் காட்டும். 4 ஆம் துண்டு பின்னர் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தால், புதிய இரண்டு துண்டுகளுக்கும் தனி எண் கொடுத்து, தாய்த் துண்டின் எண்ணைத் தனி நிரலில் வையுங்கள். பழைய துண்டின் பதிவை அழிக்கக் கூடாது. அதன் பெயரில் வாங்கிய முற்பணம் எங்கே போனது என்று ஒருநாள் கேள்வி வரும்.

பேரத்துக்கும் ஆளுக்கும் உள்ள உறவையும் இங்கேயே தீர்மானிக்க வேண்டும். பழைய மென்பொருளில் ஒரு பேரத்துக்கு ஓர் ஆள் என்று இருந்திருக்கும். மலையகத்துக் கோப்பு ஒன்றைத் திறந்து பார்த்தால், உறுதி யாருடைய பெயரில் எழுதப்படும் என்பதும், பணம் யார் கட்டுகிறார் என்பதும், அற்றோணித் தத்துவம் (இன்னொருவருக்காகச் செயற்படும் எழுத்து அதிகாரம்) பெற்றுக் கையொப்பமிடுபவர் யார் என்பதும் மூன்று வேறு பெயர்களாக இருப்பது சாதாரணம். பழைய பதிவேற்றுநர் இவர்களுள் யாருடைய தொலைபேசி கிடைத்ததோ அவரை வாங்குபவராகப் போட்டிருப்பார். எனவே பேரத்துக்கும் ஆளுக்கும் இடையில் ஓர் இணைப்பு அட்டவணை அமைத்து, அதில் வாங்குபவர், கூட்டாக வாங்குபவர், பணம் செலுத்துபவர், அற்றோணி, தரகர் என்று பங்கைக் குறிப்பிடுங்கள். பெரும்பாலான சி.ஆர்.எம். மென்பொருள்களில் இத்தகைய இணைப்பை அமைக்க முடியும். முடியாத மென்பொருளை வாங்காதிருப்பது நல்லது.

பழைய உள்ளக எண்ணைப் புதிய மென்பொருளில் ஒரு தனிப் புலத்தில் கட்டாயம் வைத்திருங்கள். இரண்டாம் முறை ஏற்றும்போது புதிய பதிவு உருவாகாமல் இருந்த பதிவே திருத்தப்படுவதற்கு இந்த எண்தான் உதவும். சேல்ஸ்ஃபோர்ஸிலிருந்து வெளியேறுபவர்களுக்கு ஒரு சிறப்பு எச்சரிக்கை: அதன் பதிவு எண் 15 எழுத்து வடிவிலும் 18 எழுத்து வடிவிலும் கிடைக்கும். 15 எழுத்து வடிவத்தில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறு பதிவுகளைக் குறிக்கும். ஒரு அட்டவணையில் உள்ளதை இன்னொன்றில் தேடி எடுக்கும் எக்செலின் வீலுக்அப் சூத்திரம் அந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. இதனால் ஒருவருடைய தவணை இன்னொருவரின் கணக்கில் சத்தமின்றிப் போய்ச் சேரும். 18 எழுத்து வடிவத்தையே எடுங்கள்.

படி 3: புலங்களுக்குப் பொருள் சொல்லுங்கள்

பழைய புலம் ஒன்றுக்குப் புதிய புலம் ஒன்று என்று கோடு போடுவதற்கு முன்னர், பழைய புலத்தில் உண்மையில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று ஐம்பது பதிவுகளையாவது கண்ணால் பாருங்கள்.

பரப்பளவு முதலில் வரும். ஓர் ஏக்கருக்கு 4 றூட், ஒரு றூட்டுக்கு 40 பேர்ச்சஸ், ஆக ஓர் ஏக்கருக்கு 160 பேர்ச்சஸ். பிளானில் 1-2-13.5 என்று எழுதப்பட்டிருந்தால் அது 253.5 பேர்ச்சஸ். புதிய மென்பொருளில் மொத்தப் பேர்ச்சஸை எண்ணாக ஒரு புலத்திலும், பிளானில் எழுதியபடியே இன்னொரு புலத்தில் சொல்லாகவும் வையுங்கள். ஹெக்டேயரில் தரப்பட்ட பிளான்களை மாற்றும்போது ஒரு பேர்ச் 25.29 சதுர மீற்றர் என்று கொள்ளலாம். ஆனால் மாற்றிய எண்ணை வைத்து விலையைத் திரும்பக் கணக்கிடக் கூடாது. விற்ற விலை விற்ற விலையாகவே செல்ல வேண்டும்.

இரண்டாவது, நிர்வாகப் பிரிவு. 2018 உள்ளூராட்சித் தேர்தலை ஒட்டி அம்பகமுவ பிரதேச சபையிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா சபைகளும், நுவரெலியா பிரதேச சபையிலிருந்து கொட்டகலை, அக்கரப்பத்தனை சபைகளும் பிரிந்தன. ஆகவே பழைய பதிவில் அம்பகமுவ என்று இருப்பதைக் கண்டு அப்படியே புதிய பட்டியலில் உள்ள அம்பகமுவவோடு இணைத்தால், பொகவந்தலாவையில் உள்ள காணி தவறான சபையில் போய் நிற்கும். அக்காணிக்குக் கட்டட அனுமதி கேட்க வருபவரை விற்பனை அலுவலர் வேறு அலுவலகத்துக்கு அனுப்பிவைப்பார். கிராம உத்தியோகத்தர் பிரிவைக் கொண்டு ஒவ்வொன்றாகத் தீர்மானிப்பதைத் தவிர இதற்குக் குறுக்கு வழி இல்லை. தோட்டப் பெயர்களும் அப்படியே. கம்பனி ஏட்டில் ஆங்கிலத்தில் ஒரு பெயரும் மக்கள் வாயில் வேறொரு பெயரும் வழங்குவதால், இரண்டையும் கொண்ட ஒரு பெயர்ப் பட்டியலை அந்தப் பகுதியில் பிறந்து வளர்ந்த ஊழியரிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவதும் மிக முக்கியமானதும் பேரத்தின் நிலை. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டத்தின்படி, அசையாச் சொத்தின் விற்பனை நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுத்தில் நிறைவேற்றப்பட வேண்டும். மென்பொருளில் விற்கப்பட்டது என்ற ஒரே சொல்லால், முற்பணம் வாங்கிய துண்டும் தவணை முடிந்த துண்டும் உறுதி எழுதிய துண்டும் குறிக்கப்பட்டிருக்கும். இதைப் புதிய மென்பொருளின் பேரம் வென்றது என்ற நிலைக்குள் மொத்தமாகத் தள்ளிவிடாதீர்கள். ஒதுக்கப்பட்டது, முற்பணம் பெறப்பட்டது, விற்பனை ஒப்பந்தம் செய்யப்பட்டது, முழுப் பணமும் பெறப்பட்டது, உறுதி எழுதப்பட்டது, காணிப் பதிவகத்தில் பதியப்பட்டது என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய திகதியையும் தனிப் புலமாக வையுங்கள். எந்தத் தாள் கையில் இருக்கிறதோ அந்த நிலையே அந்தப் பேரத்தின் நிலை.

உரிமை வகைக்கும் ஒரு புலம் தேவை. தனியார் உறுதி, 1998 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட பிம்சவிய சான்றிதழ், 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அளிப்புப் பத்திரம் ஆகிய மூன்றும் விற்பனைக்கு வரும்போது ஒரே தன்மையுடையவை அல்ல. கடைசியாகச் சொன்னதைக் கைமாற்றுவதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு. தோட்டங்களில் வீடமைப்புக்கென ஏழு பேர்ச்சஸ் பெற்றவர்களுள் பலருக்கு முறையான உறுதி கிடைக்காமலே இருக்கிறது என்பதும் நாம் அறிந்ததே. பழைய மென்பொருளில் இவை எல்லாம் குறிப்புப் பகுதியில் ஓரிரு சொற்களாகக் கிடக்கும். அந்தக் குறிப்புகளை மனிதர் ஒருவர் வாசித்துத்தான் புலமாக்க வேண்டும்.

அதே குறிப்புப் பகுதியில்தான் மண்சரிவு பற்றிய தகவலும் ஒளிந்திருக்கும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை எந்தத் துண்டுக்குப் பெறப்பட்டது, என்ன நிபந்தனை விதிக்கப்பட்டது, எந்தத் திகதியில் என்ற மூன்றையும் தனிப் புலங்களாக்கி, அறிக்கையின் பிரதியைத் துண்டோடு இணையுங்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்த மண்சரிவை அறிந்த எவரும், இந்தத் தகவலைக் குறிப்புகள் என்ற நீண்ட பெட்டிக்குள் விட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

பணப் புலங்களில் ஒரு சொல். வெளிநாட்டிலிருந்து டொலரில் பேசி ரூபாயில் கட்டியவர்களின் பேரங்களில், அன்றைய மாற்று விகிதத்தையும் சேர்த்தே கொண்டுபோங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்துக்குள் ஏறத்தாழ 360 ரூபாய்க்குப் போயிற்று; புதிய மென்பொருள் இன்றைய விகிதத்தில் எல்லாவற்றையும் மீளக் கணக்கிட்டால், அந்த ஆண்டின் விற்பனை அறிக்கை கற்பனைக் கதையாகிவிடும்.

படி 4: எக்செலிடமிருந்து தரவைக் காப்பாற்றுங்கள்

சி.எஸ்.வி. கோப்பை இருமுறை சொடுக்கி எக்செலில் திறந்து, சேமித்து மூடுவது நம் எல்லோருக்கும் பழக்கமான பிழை. நானும் ஒருமுறை அப்படிச் செய்து, 077 என்று தொடங்கும் எண்கள் எல்லாவற்றிலும் முன்னால் இருந்த பூச்சியத்தை இழந்தேன். அது திருத்தக்கூடிய இழப்பு. 12 இலக்கப் புதிய அடையாள அட்டை எண்ணை எக்செல் அடுக்குக்குறி வடிவில் சுருக்கிக் காட்டும். அந்த நிலையில் சி.எஸ்.வி. ஆகச் சேமித்தால் பின் இலக்கங்கள் நிரந்தரமாகப் போய்விடும். துண்டு இலக்கம் 3/2 என்று இருந்தால் திகதியாகிவிடும். 1-2-13 என்ற பரப்பளவும் அவ்வாறே 2013 ஆம் ஆண்டின் ஏதோ ஒரு நாளாகிவிடும். ஆகவே வெறும் எக்செல் தாளைத் திறந்து, தரவுப் பகுதியினூடாகக் கோப்பை உள்ளே எடுத்து, எல்லா நிரல்களையும் எழுத்து வகையாக அறிவித்த பின்னரே வேலையைத் தொடங்குங்கள்.

தொலைபேசி எண்களை 94 என்ற நாட்டுக் குறியீட்டோடு ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். 051, 052, 057 என்று தொடங்கும் நிலையான இணைப்புகளைத் தனிப் புலத்தில் போடுவது நல்லது. இல்லாவிட்டால் குறுஞ்செய்தி அனுப்பும்போது அவை தோல்விப் பட்டியலை நிரப்பும்.

திகதிகளில், நாள் முன்னா மாதம் முன்னா என்ற குழப்பத்தை நீக்க ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசைக்கு மாற்றுங்கள். உலகப் பொது நேரத்தில் வெளியே எடுக்கப்பட்ட கோப்பில், நம் நேரப்படி நள்ளிரவில் தொடங்கும் திகதி முந்தைய நாள் மாலை 6.30 என்று பதிவாகியிருக்கும். ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்டாமல் திகதியை மட்டும் வெட்டி எடுத்தால் உறுதிகள் எல்லாம் ஒரு நாள் முன்னதாக எழுதப்பட்டவையாகிவிடும்.

தமிழ் எழுத்துகளுக்குத் தனிக் கவனம் தேவை. பழைய கோப்புகளில் பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட பெயர்கள் இருந்தால், அவை கணினிக்கு வெறும் ஆங்கில எழுத்துகளே. எழுத்துருவை மாற்றினாலே குப்பையாகிவிடும் அப்பெயர்களை முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். ஒரே கோப்பில் சில நிரைகள் பாமினியிலும் சில உண்மையான ஆங்கிலத்திலும் இருக்கும் என்பதால், மொத்தமாக மாற்றியை ஓடவிட்டால் ஆங்கிலப் பெயர்கள் சிதையும், பிரித்துவிட்டு ஓட்டுங்கள். யூனிகோடுக்குள்ளும் ஒரு நுட்பம் உண்டு. கொ என்ற எழுத்தின் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரண்டு குறியீடுகளைச் சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. கொட்டகலை என்று தேடினால் பாதிக் காணிகள் மட்டும் வருவதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம். எல்லாவற்றையும் என்.எஃப்.சி. என்ற ஒரே சீர்வடிவத்துக்குக் கொண்டுவந்து, யூ.டி.எஃப்.-8 குறியாக்கத்தில் சேமியுங்கள். ஔவுக்குப் பதிலாக ஒ, ள என்று இரண்டு எழுத்தாக அடிக்கப்பட்டவற்றை இந்தச் சீர்வடிவம் திருத்தாது. அவற்றைத் தேடித்தான் மாற்ற வேண்டும்.

படி 5: இரட்டைப் பதிவுகளையும் பெயர்களையும் தீர்த்துக்கொள்ளுங்கள்

ஹப்ஸ்பாட் போன்றவை ஆட்களை மின்னஞ்சலைக் கொண்டே அடையாளம் காண்கின்றன. நம் வாடிக்கையாளர்களுள் பலருக்கு மின்னஞ்சலே கிடையாது. முற்பணம் கட்டிய ஒவ்வொருவருடைய தேசிய அடையாள அட்டை எண்ணும் கோப்பில் இருக்கும். அதையே ஒப்பிடுவதற்குப் பயன்படுத்துங்கள். அதே ஆள் பழைய எண்ணால் ஒருமுறையும் புதிய எண்ணால் ஒருமுறையும் பதிவாகியிருக்கலாம். 9 இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட பழைய எண்ணில், முன்னால் 19 சேர்த்து, முதல் ஐந்து இலக்கங்களுக்குப் பின் ஒரு பூச்சியத்தை இட்டு, இறுதி எழுத்தை நீக்கினால் 12 இலக்க வடிவம் கிடைக்கும். எல்லோருக்கும் இந்த வடிவத்தை ஒரு துணை நிரலில் உண்டாக்கி ஒப்பிட்டால், மறைந்திருந்த இரட்டைகள் வெளியே வரும். தொலைபேசி எண் ஒத்திருப்பதை மட்டும் வைத்து இருவரை ஒருவராக்காதீர்கள். ஒரு லயத்தில் நான்கு குடும்பங்கள் ஒரே கைத்தொலைபேசி எண்ணைக் கொடுத்த பதிவுகளை நான் பார்த்திருக்கிறேன்.

சேல்ஸ்ஃபோர்ஸும் ஸோஹோவும் ஒருவருடைய கடைசிப் பெயரைக் கட்டாயமாகக் கேட்கின்றன. தந்தையின் முதலெழுத்தும் தன் பெயரும் கொண்ட நம்மவரை இதற்குள் அடைக்கும்போது, தன் பெயரைக் கடைசிப் பெயராகவும் முதலெழுத்தை முதற் பெயராகவும் எல்லாப் பதிவுகளிலும் ஒரே மாதிரி வைத்துவிட்டு, அடையாள அட்டையில் உள்ளபடி முழுப் பெயரை மூன்றாவது புலத்தில் எழுதுங்கள். உறுதிக்கும் பற்றுச்சீட்டுக்கும் அந்த மூன்றாவது புலமே போக வேண்டும்.

படி 6: சிறிதாக ஏற்றிப் பார்த்து, பிறகு முழுவதையும் ஏற்றுங்கள்

முதலில் இருபது பேரங்கள் போதும். அவற்றை எளிமையானவற்றிலிருந்து எடுக்காமல், துண்டு பிரிந்தது, பேரம் முறிந்தது, காசோலை திரும்பியது, அற்றோணி கையொப்பமிட்டது போன்ற சிக்கலான கோப்புகளாகத் தேர்ந்தெடுங்கள். ஏற்றும் வரிசை: காணித் துண்டுகள், ஆட்கள், பேரங்கள், பங்குகளின் இணைப்பு, கொடுப்பனவுகள், கடைசியாக ஸ்கேன் பிரதிகள்.

ஏற்றுவதற்கு முன்னர் புதிய மென்பொருளில் உள்ள தானியங்கிச் செய்திகள் அனைத்தையும் நிறுத்துங்கள். இதை மறந்த ஓர் அலுவலகத்தில், உறுதி வாங்கிப் பல ஆண்டுகள் ஆனவர்களுக்கெல்லாம் தவணை நினைவூட்டல் குறுஞ்செய்தி போய், மறுநாட் காலை வாசலில் வரிசை நின்றது. பதிவு உருவான திகதியும் கவனிக்க வேண்டியது. சேல்ஸ்ஃபோர்ஸில் தனி அனுமதி பெற்றாலன்றி எல்லாப் பதிவுகளும் ஏற்றிய நாளில் பிறந்தவையாகவே காட்டப்படும். முதற் தொடர்புத் திகதி என்று சொந்தப் புலம் ஒன்றை அமைத்தால் எந்த மென்பொருளிலும் இந்தச் சிக்கல் இராது.

நாளைத் தேர்ந்தெடுக்கும்போது ஏப்ரலைத் தவிருங்கள். புத்தாண்டு விடுமுறையும் நுவரெலியாவின் வசந்த காலக் கூட்டமும் சேர்ந்து, காணி பார்க்க வருவோர் மிகுதியாக இருக்கும் மாதம் அது.

படி 7: பணத்தைக் கொண்டு சரிபாருங்கள்

பதிவுகளின் எண்ணிக்கை ஒத்துப்போவதால் மட்டும் மாற்றம் சரியாகிவிடாது. ஒவ்வொரு காணித் துண்டுக்கும் விற்ற விலை, இதுவரை பெற்ற தொகை, நிலுவை ஆகிய மூன்றையும் புதிய மென்பொருளிலிருந்து எடுத்து, பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். இதற்காகவே கொடுப்பனவுகளை மொத்தத் தொகையாகக் கொண்டுபோகாமல், ஒரு பற்றுச்சீட்டுக்கு ஒரு நிரையாக, பற்றுச்சீட்டு இலக்கத்தோடு கொண்டுபோகச் சொல்கிறேன். திரும்பிய காசோலையை அழித்துவிடாமல், கழிக்கும் நிரையாக எழுதுங்கள்.

அடுத்து, ஒரு துண்டு இருவருக்கு விற்கப்பட்டதாகக் காட்டப்படுகிறதா என்று பாருங்கள். நடைமுறையில் உள்ள பேரம் ஒரு துண்டுக்கு ஒன்றுக்கு மேல் இருக்கும் நிரைகள் அனைத்தும் உங்கள் மேசைக்கு வர வேண்டும். பெரும்பாலானவை முறிந்த பேரத்தை முறிந்தது என்று குறிக்காததால் வந்தவையாக இருக்கும். அப்படி இல்லாத ஒன்றைக் கண்டால், கணினி வேலையை நிறுத்திவிட்டு அன்றே நொத்தாரிசை அழையுங்கள்.

படி 8: பழையதை மூடுங்கள்

ஒரு வெள்ளிக்கிழமை மாலை பழைய மென்பொருளில் எழுதும் அனுமதியை எல்லோரிடமிருந்தும் எடுத்து, இறுதிக் கோப்புகளை வெளியே எடுத்து, வார இறுதியில் ஏற்றி, திங்கட்கிழமை புதியதில் தொடங்குங்கள். இடைப்பட்ட நேரத்தில் வரும் கொடுப்பனவுகளைக் கையால் பற்றுச்சீட்டு எழுதி வாங்கலாம். மின்சாரம் நின்ற நாட்களில் நாம் எல்லோரும் செய்த வேலைதான். இரண்டு மென்பொருள்களிலும் ஒரே நேரத்தில் பதியச் சொல்லாதீர்கள், ஏனெனில் இரண்டாவது வாரத்திலேயே இரண்டும் முரண்படத் தொடங்கும்.

பழையதைப் பார்வைக்கு மட்டுமாக மூன்று மாதங்களேனும் வைத்திருங்கள். முதல் மாதத்தில் ஒவ்வொரு சனிக்கிழமையும், அந்த வாரத்துப் பற்றுச்சீட்டுகளில் பத்தை எடுத்துப் புதிய மென்பொருளில் தேடிப் பாருங்கள். புலங்களின் பொருளை எழுதிய தாளையும், பிரதேச சபைப் பட்டியலையும், தோட்டப் பெயர்ப் பட்டியலையும் அச்சிட்டு உறுதிக் கோப்புகள் இருக்கும் அலுமாரியிலேயே வையுங்கள். அடுத்த முறை மென்பொருள் மாற்ற வருபவர் அங்கேதான் முதலில் தேடுவார்.